ராகுகாலத்தில் ஏற்றிய கதிரை

ரூஜ், ஸ்காபரோ
21-05-2009, வியாழக்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் நவரட்ணம் அவர்களுக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு நல்லூரானை வேண்டுகிறோம் என்று தொடங்குவதுதான் முறை. அப்படி எழுதியதாகவே வைத்துக்கொள்ளும். இந்த மாதம் எந்தத் தமிழ் வீட்டிலிருந்தும் அந்த வரியை மனமறிந்து எழுத ஏலாது. உம்முடைய தங்கச்சியும் என்னுடைய மனைவியுமாகிய தவமலர் நடமாடுகிறாள், அடுப்பில் வைக்கிறதை அடிப்பிடிக்க விடுகிறாள், ரிவிக்கு முன்னால் இருக்கிறாள். நான் வேலைக்குப் போய் வருகிறேன். இதற்குப் பெயர் சுகம் என்றால் நாங்கள் சுகம்.

ரொறன்ரோவிலிருந்து பிறம்ரனுக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறவனை விசரன் என்பார்கள். நான் என்ன செய்ய? போன் எடுத்தால், ஆர் எவர் என்று கேட்காமல், "லைனை விடு, லைனை விடு" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறீர். இன்னொரு கோல் வந்தால் சத்தம் கேட்கும், இது கனடா, என்று மூன்று முறை சொல்ல வெளிக்கிட்டேன். மூன்று முறையும் பாதியில் வெட்டினீர். ஜெயமலர் எந்த நிமிடமும் எடுக்கலாம், அவள் எடுக்கும்போது லைன் பிஸியாக இருக்கக்கூடாது என்பது உம்முடைய நியாயம். அதை நான் பிழை சொல்லவில்லை. வன்னியில் அந்தக் கடற்கரைத் துண்டுக்குள் அகப்பட்டு, சித்திரை வருஷப்பிறப்புக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கிற உம்முடைய கடைசித் தங்கச்சி எனக்கும் மச்சாள்தான். ஆனால் உம்முடைய ட்ரெயிலருக்கு நடந்ததை உமக்கு ஆராவது சொல்லத்தானே வேண்டும்? அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆறுதலாக இருந்து வாசியும். வாசிக்கிறபோது லைன் ஃப்ரீயாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கிற கஸ்பர் அண்ணையை உமக்குத் தெரியும். பாசையூர் ஆள், வாதம் வந்து கால் இரண்டும் இழுத்தபிறகு பற்றரியில் ஓடுகிற வீல்செயாரில் இருக்கிறார். அந்தக் கதிரையைத் தூக்கலாம் என்று நினைக்கிறவன் அதைத் தூக்கிப் பார்க்காதவன். வாசலில் மூன்று படி இருக்கிறபடியால் அவர் வீட்டுக்குள் வருகிறதும் போகிறதும் கராஜுக்குள்ளால்தான். அதில் அவருக்குத் தீராத மனக்குறை. "வின்ரர் ரயர் மாதிரி என்னைக் கராஜுக்குள்ளாலை உருட்டிறியள்" என்று மாதத்துக்கு ஒருக்காவது சொல்லிக்காட்டுவார். சனம் சண்டையை நிறுத்தச் சொல்லி நகரத்துக்குப் போய் றோட்டில் இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவரும் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், நிற்கக் கால் இல்லாத மனிசன். முதலில் வீல்செயார் ஏற்றுகிற பஸ்ஸில் போனார். பிறகு றோட்டுகளை மறித்துப்போட்டார்கள், பஸ் அந்தப் பக்கம் போகாது என்று ஆகிவிட்டது. "அண்ணை, உங்களுக்கு வன்னியிலை ஒருத்தரும் இல்லையே, பிறகேன் இந்தக் குளிருக்கை?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீர் பார்த்திருக்கவேண்டும். "உதென்ன கதை தம்பி? அங்கை ஆரும் இருக்கிறவை போனடியிலை இருக்கோணும். எனக்கு ஒருத்தருமில்லை. அப்ப நான்தானே றோட்டிலை இருக்கோணும்?" என்றார். தவமலர் உள்ளே போய், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் ஜெயமலர் சேலையோடு நிற்கிற படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பெருப்பித்து, மட்டையில் ஒட்டி, கதிரையின் முதுகில் கட்டிவிட்டோம். அதற்குப் பிறகு அவரைக் கொண்டுபோகமாட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆளைத் தூக்கி என்னுடைய வானின் முன்சீற்றில் இருத்தலாம். கதிரையை ஏற்ற, வானுக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற ட்ரெயிலர் வேண்டும். உம்மிடம் கேட்டேன், தந்தீர், நன்றி. ஆனால் பின்கதவு இல்லாத ட்ரெயிலரைத் தந்தீர். ஏற்றி இறக்கச் சாய்வாக ஒரு ராம்ப் வேண்டுமே என்றதற்கு, "ரெண்டு பலகையைச் சாத்தினால் காணும், உதுக்கெல்லாம் கணக்குப் பாக்கிறதே?" என்று சொல்லி லைனை வெட்டினீர். நான் ஊரில் சங்கக்கடை மனேஜராய் இருந்தவன். ஆணியை நிறுத்து விற்றிருக்கிறேனே தவிர அடித்தது கிடையாது. சனிக்கிழமை கடைக்குப் போனால், நீண்ட விடுமுறை என்று முழு வெள்ளையளும் பூக்கன்று வாங்க நிற்கிறார்கள். நல்ல தடித்த பலகை இரண்டு எடுத்தேன். வானுக்குள் வைத்தால் கதவு மூட முடியவில்லை. கடைக்காரப் பொடியன் வெட்டித் தரட்டோ என்று கேட்டான். வெட்டு என்றேன். அதாவது, மச்சான், ராம்பின் நீளத்தை முடிவெடுத்தது நானுமில்லை நீருமில்லை, என்னுடைய வான்தான். மேலே ஒட்டுப்பலகை அடித்து, ட்ரெயிலர் விளிம்பில் தொங்குகிற மாதிரி நுனியில் இரண்டு இரும்பு வளையம் பூட்டி, சாத்திப் பார்த்தால் அது நெட்டுக்குத்தாக நிற்கிறது. கஸ்பர் அண்ணை கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "தம்பி, உது கதிரை ஏறவோ, இல்லை பனையிலை ஏறவோ?" என்று கேட்டார்.

சனியும் ஞாயிறும் நான் கராஜில், தவமலர் மேலே ரிவியோடு. கதவுக்குள்ளால் செய்தி வாசிக்கிற சத்தம் வரும்போதெல்லாம், அது காதில் விழாமல் இருக்க, நான் ட்ரில்லை அமத்துவேன். தேவையில்லாத இடத்திலெல்லாம் திருகாணி பூட்டினேன். ராம்பைப் பார்க்கிற எவனும் இவனென்ன கப்பல் கட்டியிருக்கிறான் என்றுதான் நினைப்பான். உள்ளதைச் சொல்லுறன், எனக்குப் பயம். அந்தச் செய்தியைக் கேட்டு முடிக்கிறதை விட ஒரு திருகாணி கூடப் பூட்டுறது எனக்கு லேசாயிருந்தது.

திங்கட்கிழமை விடிய எழும்பினால் வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டதென்று ரிவி சொல்லுகிறது. பொய், என்று தவமலர் சொன்னாள். பொய்தான், என்று நானும் சொன்னேன். கஸ்பர் அண்ணை மட்டும், "முடிஞ்சுதெண்டாலும் சனம் கிடக்குதெல்லோ? வெளிக்கிடுவம்" என்றார். இங்கேதான் வில்லங்கம் தொடங்கினது. தவமலர் கலண்டரைக் கொண்டுவந்து, திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது மட்டும் ராகுகாலம், அதற்குள் ஒரு பயணமும் வெளிக்கிடக்கூடாது, அதுவும் ஜெயமலரின்ரை படத்தைக் கொண்டு வெளிக்கிடவே கூடாது என்று வாசலில் நின்றுவிட்டாள். அது ஊர்ச் சூரியனுக்கு எழுதின நேரம், இங்கே வேறே என்று நான் சொல்ல, அந்தக் கலண்டர் ஸ்காபரோக் கடையில் தந்தது என்று அவள் சொல்ல, கஸ்பர் அண்ணை நடுவில் புகுந்து சமாதானம் பேசினார்.

"தங்கச்சி, நான் வேதக்காரன். எனக்கு ராகுவுமில்லைக் கேதுவுமில்லை. நான் இப்ப ட்ரெயிலரிலை ஏறுறன். அவர் ஒன்பது மணிக்குப் பிறகு கொழுவட்டும். ஏறுறது பயணமில்லை, கொழுவுறதுதானே பயணம்?"

என்ன அருமையான தீர்ப்பு. இரண்டு சமயமும் சேர்ந்து என்னை அழிக்க வெளிக்கிட்டதென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மழை படாமல் இருக்க ட்ரெயிலரின் மூக்கைத் திறந்த கராஜுக்குள் தள்ளி, வாலை றோட்டுப் பக்கம் விட்டு வைத்திருந்தேன். எங்கள் ட்ரைவ்வே றோட்டை நோக்கிச் சரிந்து கிடக்கிறதென்பதை நீரும் அறிவீர், பனிக்காலத்தில் ஒருமுறை நீர் அதில் விழுந்தபடியால். தவமலர் புது வாகனத்துக்கு வைக்கிற மாதிரி இரண்டு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்தாள். சில்லுக்குக் கட்டை வைக்கவேண்டும் என்று எனக்கும் யோசனை வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். தேசிக்காய் இருக்குத்தானே என்று விட்டுவிட்டேன். கதிரையை வெறுமையாக ஏற்றச் சொன்னேன். "உதின்ரை பிடி எனக்குத்தான் பழக்கம், நீ திருகினால் கராஜைத்தான் இடிப்பாய்" என்று சொல்லிவிட்டு மனிசன் தானே ஏறினார். முகம் சிவந்து, அங்குலம் அங்குலமாக, மேலே போனார். முன்சில்லு இரண்டும் ட்ரெயிலர் தட்டில் ஏறினதுதான் தாமதம், கொழுவாத ட்ரெயிலரின் வால் கீழே குந்த, மூக்கு மேலே எழும்பி, திறந்து கிடந்த கராஜ் கதவில் அடித்தது பாரும் ஒரு அடி! கதவு மடங்கித் தண்டவாளத்தை விட்டு விலகித் தொங்குகிறது. தேசிக்காய் இரண்டும் நசிந்தன. ட்ரெயிலர், ராம்ப், கதிரை, கஸ்பர் அண்ணை, ஜெயமலர், எல்லாருமாக றோட்டுக்கு இறங்கினோம். நான் பின்னால் ஓடினேன். ட்ரெயிலர் எதிர்வீட்டு றொபேட் அப்போதுதான் நட்டு முடித்த பூக்கன்றுகளுக்குள் போய் நின்றது. ராம்பால் சறுக்கி இறங்கின கஸ்பர் அண்ணை பிடியைத் திருகி, அவன்ரை புல்லுக்குள் ஒரு வட்டம் அடித்து, வாசலடியில் போய் நிறுத்தினார். முதுகில் கட்டின மட்டை விழவில்லை.

றொபேட் வீட்டுச் செருப்போடு வந்தான். ஏச்சு விழப்போகிறதென்று நான் ஆயத்தமாகிக்கொண்டு நின்றேன். அவன் பூக்கன்றைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தான். இது ஆர் என்று கேட்டான். "மை சிஸ்டர்" என்றார் கஸ்பர் அண்ணை. அவன் ட்ரெயிலரை என்னோடு சேர்ந்து இழுத்து, வானைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி, கொழுவிவிட்டு, முதலில் கொழுவிவிட்டுத்தான் ஏற்றவேண்டும் என்று உனக்கு ஒருவரும் சொல்லவில்லையா என்று கேட்டான். சொன்னால் விளங்குகிற கதையா? ஒன்பது மணி ஆகவில்லை என்று அவனுக்கு எப்படிச் சொல்ல? தவமலர் மட்டும் வாசலில் நின்று, "இப்ப ராகுகாலத்திலை கொழுவிப்போட்டியள், இனி என்ன நடக்குதோ" என்று அழுதாள். நான் வாயைத் திறந்தேன், "அங்கை அவங்கள் ஆரும் கலண்டர் பாத்தே செய்தவங்கள்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கொழுவினபிறகு ராம்ப் ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்தது, மச்சான். நானும் றொபேட்டும் பின்னால் தள்ளக் கதிரை ஏறிற்று. நகரத்தில் இறக்கும்போதும் சத்தம் போடாமல் இறங்கிற்று. அதைப் பார்த்துக் கைதட்ட அங்கே ஒருவரும் இல்லை. சனம் இருந்தது, நிறையச் சனம், ஆனால் கத்தவில்லை. ஆளை ஆள் பார்க்காமல் இருந்தார்கள். ஆரென்று தெரியாத ஒரு அம்மா வந்து, கேளாமல் பறையாமல் என்னுடைய ராம்பின் நுனியில் இருந்தா. பிறகு இன்னொருத்தி வந்து பக்கத்தில் இருந்தா. நெட்டுக்குத்தான ராம்ப், வழுக்கும், சரியாய் இருக்கவும் ஏலாது. ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் எழும்பும் மட்டும் நான் அதை மடக்கவில்லை.

பின்னேரம் திரும்பி வந்தால், தொங்கின கராஜ் கதவு இறங்கி இறுகி, திறக்குதில்லை. கதிரையை வீட்டுக்குள் எடுக்க வேறு வழியில்லாமல், அந்த ராம்பைக் கழற்றி வாசல் படிக்கு மேல் வைத்து, நானும் றொபேட்டும் தம் கட்டித் தள்ளிக் கஸ்பர் அண்ணையை முன்வாசலால் உள்ளே விட்டோம். அரைவாசியில் ஒருக்காப் பின்னுக்குச் சரிந்து, என்னுடைய கால்விரல் இப்போதும் நீலம். உள்ளே போன மனிசன் கதிரையைத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "அண்ணை, ஏன் அவனுக்குத் தங்கச்சி எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். "பின்னை? வீட்டுக்காரன்ரை மனிசியின்ரை தங்கச்சி எண்டதை நான் எந்த இங்கிலிசிலை சொல்லுறது?" என்றார். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். அன்றைக்கு இவர்களுடைய மகாராணியின் பிறந்தநாள் விடுமுறை என்று தெருத்தெருவாக வெடி கொளுத்தினார்கள். றொபேட் தன்ரை வெடிப்பெட்டியைத் திறக்கவில்லை, மற்ற வீடுகள் எல்லாம் திறந்தன. தவமலர் ஒவ்வொரு வெடிக்கும் போனை நெஞ்சோடு பிடித்தாள்.

அதற்குப் பிறகு கஸ்பர் அண்ணை எங்கும் போகவில்லை. கதிரைக்குப் பற்றரி ஏற்றக்கூட வேண்டாம் என்கிறார். ஆகவே நவரட்ணம், விஷயத்துக்கு வருகிறேன். ட்ரெயிலரின் இடப்பக்கப் பின்லைட் உடைந்துவிட்டது, மூக்கு கொஞ்சம் வளைவு, எனக்குக் கராஜ் கதவு போய்விட்டது. நீர் பின்கதவு இல்லாமல் தந்ததற்கும் இதற்கும் சரி. சனிக்கிழமை வந்து உம்முடைய கண்டறியாத ட்ரெயிலரை எடுத்துக்கொண்டு போம். கராஜ் கதவு திருத்த நாளைக்கு ஆள் வருகிறான். அவன் போனதும் ராம்பை அறுத்து விறகாக்கப் போகிறேன். இனிச் செத்தாலும் நான் ட்ரில்லைத் தொடமாட்டேன். உம்மிடம் யோசனையும் கேட்கமாட்டேன். ஏத்த ஆளுமில்லை, போக இடமுமில்லை, பிறகென்னத்துக்கு உது வாசலிலை கிடந்து என்ரை கண்ணைக் குத்துது?

இத்துடன் நிறுத்துகிறேன். வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். நேரத்துக்குச் சாப்பிடவும், நாங்கள் சாப்பிடாவிட்டாலும். நல்லூரான் உங்களையும் எங்களையும், அவனுக்கு வசதிப்படுகிறபோது, ஒருக்காத் திரும்பிப் பார்ப்பானாக.

இப்படிக்கு,
உமது அன்பு மைத்துனன்,
சி. பத்மநாதன்

பி.கு.: மேலை எழுதினதை ஒண்டும் வாசிக்காதையும். கவர் ஒட்டிப்போட்டுத் திரும்பக் கிழிச்சு அவசரமாய் எழுதுறன், எழுத்து விளங்காட்டி வந்து சொல்லுறன். ஜெயமலர் எடுத்தவள். உயிரோடை இருக்கிறாள் மச்சான். வவுனியா ஆஸ்பத்திரியிலை இருந்து, ஆரோ புண்ணியவதியின்ரை போனிலை, ரெண்டு நிமிசம்தான் கதைச்சவள். தவமலர் "ஆர், ஆர், ஆர்?" எண்டு கேட்டுக்கொண்டு அப்பிடியே நிலத்திலை இருந்திட்டாள், நான்தான் போனை வாங்கினனான். அவள் முதலிலை என்ன சொன்னவள் தெரியுமே? உமக்குத்தான் முதல் அடிச்சவளாம். நேற்று ஒருக்கா, இண்டைக்கு ஒருக்கா. எடுத்தவுடனை "லைனை விடு, லைனை விடு" எண்டு கத்திப்போட்டு நீர் வைச்சிட்டீராம். சொல்லிப்போட்டுச் சிரிச்சவள் மச்சான், அந்த நிலமையிலை கிடந்து சிரிச்சவள். "அண்ணையின்ரை குரல் கேட்டது காணும், அவர் நல்லாத்தான் இருக்கிறார் எண்டு விளங்கீட்டுது" எண்டாள். அதுக்குப் பிறகுதான் சொன்னவள், வலது கால் முழங்காலுக்குக் கீழை இல்லையாம். குடையொண்டைத் துலைச்சுப்போட்டு வந்து சொல்லுற மாதிரிச் சொன்னாள். நான் ஓம் ஓம் எண்டன்.

ட்ரெயிலரை எடுக்க வராதையும். விறகுக் கதையையும் விடும். அவளை இஞ்சை கூப்பிட எத்தினை வருசம் செல்லுமோ, எத்தினை விசாக் கந்தோர்ப் படி ஏறவேணுமோ, அது எனக்குத் தெரியாது. ஆனா அவளைக் கராஜுக்குள்ளாலை உருட்டிக்கொண்டு வர நான் விடன், கஸ்பர் அண்ணையும் விடார். முன்வாசலுக்கு ஒழுங்கான ராம்ப் போடவேணும், இந்த முறை நல்ல நீளமாய், சரிவு தெரியாமல். வானுக்கை கொள்ளாத நீளப் பலகை உம்மடை வெயர்ஹவுசிலை கிடக்குதெண்டு சொன்னனீர், எடுத்து வையும். உமக்குப் போனிலை சொல்லுவமெண்டு இப்ப அஞ்சாறு தரம் அடிச்சுப் பாத்திட்டன், நீர் கத்திப்போட்டு வைக்கிறீர். அதாலை இதைத் தபாலிலை போடேல்லை, நானே கொண்டு வாறன். இனியாவது எடுத்தால் கத்தாதையும், ஆரெண்டு கேளும். இப்ப நேரம் ரெண்டு மணி, வியாழக்கிழமை, சரியாய் ராகுகாலம். தவமலர்தான் "நிண்டு மினக்கெடாதேங்கோ, போங்கோ" எண்டு கலைக்கிறாள். கஸ்பர் அண்ணை முன்சீற்றிலை ஏறி இருந்து பெல்ற்றும் போட்டிட்டார், கதிரை பின்னாலை ட்ரெயிலரிலை நிக்குது. முதலிலை கொழுவிப்போட்டுத்தான் ஏத்தினனாங்கள்.